தோல் சீமையும் கணக்குப் படிப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலுள்ள தோல் ஷாப்புகளுக்கும் பூட்ஸ் தொழிற்சாலைகளுக்கும் போய் வருகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பார்கள். சரித்திரத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற வாலிபர் கிடங்கில் தோல்களை எண்ணிக்கொண்டிருப்பார், ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தேறியவர் லாரிச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பார்; எஞ்சினீயர் பட்டதாரி ஏற்றுமதித் தஸ்தாவேஜுகளைச் சுமந்துகொண்டு சென்னைக்கு ரயில் ஏறுவார். எந்த வேலையும் இழிவானதன்று. ஆனால் அந்தத் தொழிற்சாலையின் ஐந்தொகையைத் தயாரிப்பவர் யார் என்று விசாரித்தால், பல இடங்களில், பட்டணத்திலுள்ள ஓர் ஆடிட்டர் என்றுதான் பதில் வரும். தோல் இங்கே, உழைப்பு இங்கே, நாற்றமும் இங்கே. கணக்கு மட்டும் நூற்றிருபது மைலுக்கு அப்பால்!

இந்த வாலிபர்களில் சிலர் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். "வேறு பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டோம், வயது இருபத்தேழோ முப்பதோ ஆகிவிட்டது, இனிமேல் கணக்கு சாஸ்திரம் படித்து அதனால் பிழைக்க முடியுமா?" என்பது அவர்கள் கேள்வி. முடியும் என்பதே நமது அபிப்பிராயம். எனினும் எந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று அறியாமல் இறங்குகிறவர்கள் பணத்தையும் காலத்தையும் இழப்பார்கள். ஆகவே இதைச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

கணக்கென்றால் கூட்டலும் கழித்தலுந்தானே, அதற்கு ஒரு மேற்படிப்பா என்று கேட்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோலைக் கொண்டே பதில் சொல்லலாம். ஒருவர் ஆயிரம் ஆட்டுத்தோல், தோலுக்கு 200 ரூபாய் வீதம், இரண்டு லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதனிட ஒரு லட்சம் செலவாகிறது. நாலாயிரம் சதுர அடித் தோல் கிடைக்கிறது. அடிக்கு அடக்கம் 75 ரூபாய். வாங்கினது எண்ணிக்கையில், விற்பது சதுர அடியில் என்பதைக் கவனிக்கவும். இத்தொழிலின் கணக்குச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தரம் பிரிக்கையில் முதல் ரகம் ஆயிரம் அடி, 120 ரூபாய்க்குப் போகிறது. நடு ரகம் இரண்டாயிரம் அடி, 80 ரூபாய்க்கு. கடை ரகம் ஆயிரம் அடிக்கு 45 ரூபாய்தான் கேட்கிறார்கள். பேரேட்டைப் பார்த்த முதலாளி, கடை ரகத்தில் அடிக்கு 30 ரூபாய் நஷ்டம் என்று பதறி, "இந்த விலைக்கு விற்கமாட்டேன்" என்கிறார். விற்றிருந்தால் மொத்த வரவு 3,25,000, லாபம் 25,000. விற்காமற் போனால் வரவு 2,80,000, நஷ்டம் 20,000. கடை ரகம் தனியாக வாங்கப்பட்டதன்று. அது முதல் ரகத்தோடு கூடவே வந்தது. ஒரே மூட்டையில் வந்த பொருள்களுக்கு அடக்கத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. அதை அறிந்த ஒருவன் அவ்வருஷத்தில் அந்த ஷாப்பைக் காப்பாற்றியிருப்பான்.

இன்னொன்று. மார்ச்சு 31-ந் தேதி இரவு வருஷக் கணக்கு முடியும்போது, தோல்கள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. சில உப்பிட்ட பச்சைத் தோலாக, சில சுண்ணாம்புக் குழியில், சில குரோம் ஏறிய நீலத் தோலாக, சில மெருகேறிய சரக்காக. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை போடுவது? ஒருவர் கூட்டிப் போட்டு பாங்கியில் அதிகக் கடன் வாங்குகிறார்; மற்றொருவர் குறைத்துப் போட்டு வருமான வரியில் மிச்சம் பிடிக்கிறார். சில ஆண்டுகளில் இருவரும் நியாயஸ்தலத்தில் நிற்கிறார்கள். வக்கீல் தொழிலில் இருக்கும் நமக்கு, கூட்டு வியாபாரம் பிரியும் வழக்குகளில் மூட்டை மூட்டையாய் வந்திறங்கும் பேரேடுகள் புதியனவல்ல. சகோதரர்களை விரோதிகளாக்கியது பெரும்பாலும் பணமன்று. இருப்புக்கு விலை போட்ட விதந்தான்.

இவை போதாவென்று, 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரி வந்தது. ஏற்றுமதி செய்கிறவர், தாம் வாங்கிய ரசாயனத்துக்கும் கூலி வேலைக்கும் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு சீட்டு பிசகினால் பணம் மாதக்கணக்கில் முடங்கும். 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் வேறொரு விதியைச் சேர்த்தது. சிறு தொழிலாளியிடம் வேலை வாங்கிய நிறுவனம், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையேல் 15 நாளிலும் பணம் கொடுக்கவேண்டும். தவறி வருஷ முடிவில் பாக்கி நின்றால், கொடுக்கும் வரையில் அத்தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. கூலிக்குப் பதனிடும் சிறு ஷாப்புக்காரருக்கும், மேல்தோல் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரருக்கும் இது பெரிய ஆயுதம். ஆனால் தம்மைச் சிறு தொழிலாகப் பதிவு செய்து, பில்லில் தேதியிட்டு, கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் ஆயுதம். மற்றவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

இனி, வழிகளைப் பார்ப்போம். முதலாவது, சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தேர்வு. 1949-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை 1-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் இதை நடத்துகிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் ஆரம்பத் தேர்வின்றி நேரே இடைநிலையில் சேரலாம். வணிகப் பட்டதாரிக்கு 55 சதம், மற்றவர்களுக்கு 60 சதம் மார்க்கு வேண்டும். எட்டு மாதப் படிப்புக்குப் பின் ஆறு பாடங்களில் பரீட்சை. தேறிய பின் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி. முன்பு மூன்றாண்டாயிருந்த இப்பயிற்சி 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் இறுதித் தேர்வு. எல்லாம் முதல் முயற்சியிலேயே கைகூடினாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாது. பயிற்சிக் காலத்தில் கிடைப்பது சொற்ப உதவித்தொகை. வேறு உத்தியோகம் பார்ப்பதும் எளிதன்று. வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கவேண்டிய வாலிபர் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். தேர்ச்சியும் சுலபமன்று, 2024 மே இறுதித் தேர்வில் இரு பிரிவுகளையும் சேர்த்தெழுதியவர்களில் தேறியவர் 20 சதத்துக்குச் சற்றுக் குறைவே.

இரண்டாவது, அடக்கக் கணக்கர் தேர்வு. 1944-ல் தொடங்கி, 1959-ம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற கல்கத்தா ஸ்தாபனம் இதை நடத்துகிறது. இதிலும் பட்டதாரிகள் நேரே இடைநிலையில் சேரலாம். செயல்முறைப் பயிற்சி 15 மாதம். தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில் வேலையில் இருந்துகொண்டே பயிற்சியை முடிப்பதற்கும் வழியுண்டு. மேலே நாம் எழுதிய கடை ரகத் தோலின் கணக்கு இவர்களுடைய சொந்தப் பாடம். தோல் சீமையில் ஏற்கெனவே வேலையிலிருக்கும் பட்டதாரிக்கு, குறிப்பாக ரசாயனமோ எஞ்சினீயரிங்கோ படித்தவருக்கு, இதுவே உகந்த வழி என்பது நமது துணிபு. டிரம்மில் என்ன நடக்கிறதென்று அறிந்தவனே அதன் அடக்கத்தை அறிவான். சார்ட்டர்டு என்ற பெயரின் பளபளப்பில் மயங்கி இதைத் தாழ்வாக நினைப்பது மதியீனம்.

மூன்றாவது, சர்வகலாசாலையின் எம்.காம். இந்திரா காந்தி திறந்தநிலைச் சர்வகலாசாலையில் எந்தப் பட்டதாரியும் தபால் வழியாக அதைப் படிக்கலாம். அறிவுக்கு நல்லது, காலேஜில் போதிக்க விரும்புவோருக்கு அவசியமுங்கூட. ஆனால் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமையை அது தராது. இவ்வித்தியாசத்தைச் சொல்லாமல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வகுப்புகள் உண்டு. "ஆறு மாதத்தில் அக்கவுண்டன்ட்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் கற்பிப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் டாலி தட்டுவதைத்தான். அதற்கும் கூலி கிடைக்கும். ஆனால் அது தட்டெழுத்துக்காரர் கூலி, கணக்கர் சம்பளமன்று.

வயதைக் காட்டித் தயங்குவோருக்கு நமது நாட்டுச் சரித்திரத்திலேயே, அதுவும் வேலூரோடு சம்பந்தப்பட்ட, ஓர் உதாரணம் உண்டு. சென்னை ராணி மேரி காலேஜில் படித்த ஆர். சிவபோகம் என்ற அம்மையார் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். விடுதலை பெற்ற பின் அவர் தேர்ந்துகொண்டது கணக்குப் படிப்பை. 1933-ல் கணக்கியல் டிப்ளமா பெற்று, இந்தியாவிலேயே அதைப் பெற்ற முதல் பெண்மணியானார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு பெறலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. அவர் வழக்காடி வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, ஸ்தாபனத்தின் தென்னிந்தியப் பிராந்தியக் கவுன்சிலுக்கே தலைவராயிருந்தார். ஆம்பூர் பூட்ஸ் தொழிற்சாலைகளில் தைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய பெண்கள் இன்று காலேஜுகளில் படிக்கிறார்கள். அவர்கள் இப்பெயரை அறிந்திருக்கவேண்டும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவையும் இங்கே நினைக்கலாம். லண்டனில் கணக்காளராகத் தேறி, பம்பாயில் தொழில் நடத்தியவர், முப்பது வயதுக்கு மேல் அமெரிக்கா சென்று மீண்டும் மாணவரானார். கொலம்பியாவில் பொது நிதி பயின்றார். 1931-ல், பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் உள்ள கடன் பாத்தியதைகளை ஆராயக் காங்கிரஸ் அமைத்த கமிட்டியில் அவர் இடம் பெற்றார். பிறர் எழுதிய கணக்கை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் வரி வரியாகப் பார்ப்பது அரசியல் வேலை என்பதை நம்மவருக்குக் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

தோல் சீமையில் அத்தகைய வேலைக்குக் குறைவா? 1996 ஆகஸ்டு 28-ல், வேலூர்ப் பிரஜைகள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோல் பக்குவப்பட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறதென்றும், தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் அரைகுறையாகவோ முழுவதுமாகவோ பாழாயிற்றென்றும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கி, தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வக்கீல்கள் இதைச் சட்டத் தீர்ப்பாகப் படிக்கிறார்கள். நாம் இதை ஒரு கணக்குத் திருத்தமாகவும் படிக்கிறோம். அத்தனை காலமும் அந்த ஐந்தொகைகளில் லாபம் என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதி, பாலாற்றங்கரைக் கிணறுகளிலிருந்தும் தென்னந்தோப்புகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. அது எந்தப் பற்றுப் பக்கத்திலும் ஏறவில்லை. 2015 ஜனவரி 31-ல் இராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் இவ்விஷயத்தில் தலையிட வேண்டியிருந்தது. சுத்திகரிப்பின் மெய்யான செலவு எவ்வளவு, அதை முதலாளி, பூட்ஸ் வாங்கும் சீமைக் கம்பெனி, சர்க்கார் ஆகிய மூவரும் எந்த விகிதத்தில் ஏற்பது என்பதை அடக்கக் கணக்கு அறிந்த உள்ளூர்க்காரர் கணக்கிட்டு வெளியிட்டால், விவசாயிக்கும் பயன். நேர்மையாகச் செலவிடும் ஷாப்புக்காரருக்கும் பயன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சத வரி போட்டபோது, "விலையைக் குறையுங்கள்" என்று வாங்குவோர் கேட்டார்கள். எவ்வளவு வரை குறைக்கலாம் என்று தன் ஏட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியவனே அப்போது தலைநிமிர்ந்து பேச முடியும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தேர்வை இங்கிலீஷில் எழுதலாம், ஹிந்தியிலும் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. பேரேடு, குறிப்பேடு, பற்று, வரவு, ஐந்தொகை என்று நகரத்தார் கடல் கடந்த ஊர்களிலெல்லாம் எழுதி நடத்திய கணக்கு, பரீட்சை மண்டபத்துக்குள் மட்டும் ஏன் நுழையலாகாது? ஹிந்திக்குக் கொடுத்த சலுகை நியாயமானதென்றால், தமிழுக்கும் பிற பாஷைகளுக்கும் அதை மறுப்பது அநியாயம். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதை எழுப்பவேண்டும். உருது பேசும் வாணியம்பாடி வாலிபருக்கும் இதே கேள்வி உண்டு.

அதுவரையில் கையிலிருப்பதைக் கொண்டு செய்யலாம். வாணியம்பாடி இஸ்லாமியா காலேஜ், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் காலேஜ், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் காலேஜ், வேலூர் ஊரிஸ் காலேஜ் ஆகிய நான்கிலும் இடமும் ஆசிரியரும் இருக்கிறார்கள். ஷாப்பு விட்டு வரும் பட்டதாரிகளுக்காக மாலை ஏழு மணிக்கு, அடக்கக் கணக்கு இடைநிலைத் தேர்வுக்கான ஒரு வகுப்பை இவற்றில் ஏதேனும் ஒன்று தொடங்கட்டும். தோல் வியாபாரிகள் சங்கங்கள் முதல் இருபது பேருடைய பரீட்சைக் கட்டணத்தை ஏற்கட்டும். ஒரு கண்டெய்னர் பூட்ஸின் விலையில் அது எந்த மூலைக்கு? தேறியவர்களைத் தம் சொந்தக் கணக்கு அறையிலேயே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளட்டும். சேர விரும்பும் வாலிபர்கள் பட்டச் சான்றிதழையும் மார்க்குப் பட்டியலையும் எடுத்துப் பார்த்து, 60 சதம் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். இல்லாதவர்களுக்கு அடக்கக் கணக்கின் வாசல் திறந்தேயிருக்கிறது.