நோயாளியிடம் பேசப் பழகும் நர்ஸ்கள்

ஊசி போடப் பழக ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். கட்டுப் போடப் பழகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் கை போதும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அழுதுகொண்டு நிற்கும் ஒரு தாயாரிடம் பேசுவதற்கு எதை வைத்துப் பழகுவது?

கோர்படியில் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியில் தனி அக்கறை உண்டு. கன்டோன்மென்டையும் ரயில்வேயையும் நம்பி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே அநேகம். பேரன் பேத்திகள் மராத்தியைத் தாய்மொழி போலப் பேசுகிறார்கள். பாட்டிமார்களின் ஹிந்தியோ காய்கறி பேரத்துக்கு உதவுமே தவிர, நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்ல உதவாது. ஒரு பாட்டி, "படபடன்னு வருதம்மா" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கட்டில்காரர் அதைக் "கப்ராஹட்" என்று மொழிபெயர்க்கிறார். அந்தச் சொல்லுக்குக் கலக்கம், பயம் என்றும் பொருள் உண்டு. நெஞ்சுப் படபடப்புக்கும் ஹிந்திக்காரர்கள் அதையே சொல்வார்கள். "பயப்படாதீர்கள் பாட்டி" என்று தட்டிக்கொடுத்துவிட்டு மாணவி நகர்ந்தால், மாரடைப்பின் அறிகுறி ஒன்று கவனிப்பாரற்றுப் போகலாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவது உண்டல்லவா?

இத்தகைய தவறுகளை உயிருள்ள நோயாளியிடம் செய்து கற்பதற்குப் பதிலாக, வகுப்பறையிலேயே செய்து கற்கும் முறைதான் சிமுலேஷன் எனப்படும் பாவனைப் பயிற்சி. ஒருவர் நோயாளியாக நடிப்பார். அவருக்கு வயது, தொழில், குடும்பம், நோய் எல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். எதைத் தானாகச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கும். மாணவி உள்ளே வந்து தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்டு, பேச்சைத் தொடங்க வேண்டும். "வலி இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். "ராத்திரி எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்றால் கதை வரும். பத்து நிமிஷத்தில் நாடகம் முடிந்துவிடும். பிறகுதான் உண்மையான பாடம்: என்ன நடந்தது, எந்த இடத்தில் நோயாளி முகம் சுருங்கியது, மாணவியின் மனத்தில் அப்போது என்ன ஓடியது என்று அனைவரும் உட்கார்ந்து பேசுவார்கள். இந்தப் பேச்சு நாடகத்தைவிட நீளமாக இருக்க வேண்டும்.

இதன் சரித்திரம் சுவையானது. 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில், பொம்மை செய்யும் ஒரு நிறுவனம் தயாரித்த ஆளுயரப் பொம்மை நர்சிங் மாணவிகளுக்கு வந்து சேர்ந்தது. 'மிஸஸ் சேஸ்' என்று அதற்குப் பெயர். குளிப்பாட்டலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம், பேசத்தான் வராது! பேசும் நோயாளியைத் தந்தவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். 1963-ல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில், ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து நரம்பு நோயாளியாக நடிக்க வைத்தார். ஹாலிவுட் வித்தை என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. இன்று உலகெங்கும் மருத்துவப் பரீட்சைகளில் இந்த முறை நிலைபெற்றுவிட்டது.

நோயாளியிடம் பேசுவது ஒரு பாதி. மறு பாதி, டாக்டரிடம் பேசுவது. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட டாக்டரிடம் தயங்கித் தயங்கி, "சார், அந்தப் பேஷண்டுக்கு என்னவோ போலிருக்கிறது" என்றால் என்ன பயன்? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்திலிருந்த ஒரு வரிசை இப்போது ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கிறது: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நீங்கள் செய்ய வேண்டியது. நான்கே வாக்கியங்கள். கடைசி வாக்கியம்தான் நம் பெண்களுக்குக் கஷ்டம். "உடனே வந்து பாருங்கள்" என்று மேலதிகாரியிடம் சொல்ல எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களைப் பழக்கியதில்லை.

பாவனைப் பயிற்சி வார்டு அனுபவத்துக்கு ஈடாகுமா என்பது நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு, வார்டு நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும் மாணவர்களின் திறமை குறையவில்லை என்று கண்டது. தரமான என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்தி வெளியிட்ட பட்டப்படிப்புப் பாடத்திட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. லட்சக்கணக்கில் பொம்மை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிடக்கூடாதே என்பதுதான் நம் கவலை. பேச்சுப் பயிற்சிக்குப் பொம்மையே தேவையில்லை. ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள், பொறுமையுள்ள ஓர் ஆசிரியை போதும்.

கோர்படிக்கு அருகே வானவடியில் இருக்கும் ராணுவ மருத்துவக் கல்லூரி 1948-ல் தொடங்கப்பட்டது. அதன் நர்சிங் கல்லூரி 1964-ல் பிறந்தது. அங்கே படித்து ராணுவ நர்சிங் பணியில் சேரும் பெண், நாளை மதறாஸ் ரெஜிமெண்ட் சிப்பாய்க்கும் மருந்து கொடுப்பாள், நாகாலாந்துச் சிப்பாய்க்கும் கொடுப்பாள். மொழி தெரியாத நோயாளியை எப்படிக் கேட்பது, மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசாமல் நோயாளியின் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது என்பவை இவளுக்கு அன்றாடத் தேவை.

புனேயில் நர்சிங் கல்லூரிகள் வேறு பலவும் உண்டு. நோயாளியாக நடிக்க ஆள் தேடும் ஆசிரியைகள் நம் பேட்டைப் பக்கம் வந்தால், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களும் அவர்கள் வீட்டுப் பாட்டிமார்களும் தாராளமாகக் கிடைப்பார்கள். தமிழிலேயே வியாதியைச் சொல்லி மாணவியைத் திணற அடிக்கட்டும். நாடகம் முடிந்ததும், "என்னைத் தொடும்முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கண்ணு" என்று பாட்டி சொல்வதை ஆசிரியை குறித்துக்கொள்ளட்டும்.