நீலம் வெளுக்காமல் அச்சேற வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் நம் தெருக்களில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. 14-ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பதாகை தயாராகிறது. அதே நாட்களில், நுண்கலையோ விஸ்காமோ படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டுப் படைப்பை முடித்துக் கல்லூரியில் ஒப்படைக்க ஓடுகிறார்கள். முதல் வேலைக்குத் தெருவே கூடி நிற்கிறது. இரண்டாவதில் பிள்ளை தனியாக நிற்கிறது. 'கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்கா நாலு வருசப் படிப்பு?' என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும், தேர்வாளர் முன்னால் நிற்கப் போகும் பிள்ளையின் படபடப்புக்கும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறோம்.

அச்சு அன்று, கணினி இன்று

புதிய கருவி வரும்போதெல்லாம் நம் முன்னோர் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே இதழின் நெற்றியில் எழுதினார். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். மற்றவர் எழுதி நாம் படிப்பது என்ற நிலை அப்படித்தான் மாறியது.

படத்தில் அந்த மாற்றம் இன்னும் முழுமையாக நடக்கவில்லை. 1949-இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரத்தில் அம்பேத்கர் நத்தை மேல் அமர்ந்திருப்பார். பின்னால் நேரு சாட்டையுடன் நிற்பார். அந்தப் படம் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்ததை 2012 மே மாதம் தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்பிய பிறகுதான் நாடே அதைத் திரும்பிப் பார்த்தது. 1932 முதல் 1948 வரை அம்பேத்கரைப் பற்றி நாளேடுகளில் வந்த கேலிச்சித்திரங்களைத் தேடித் தொகுத்து உண்ணாமதி சியாம சுந்தர் 2019-இல் நூலாகக் கொண்டுவந்தார். அவரும் கேலிச்சித்திரம் வரைகிறவர்தான். நம் தலைவரைப் பிறர் எப்படி வரைந்தார்கள் என்பதை வரைகோலைப் பிடித்த கையே ஆராய்ந்தது.

இன்று டெல்லியில் சித்தேஷ் கௌதம் 'பேக்கரி பிரசாத்' என்ற பெயரில் அம்பேத்கரையும் சாவித்திரிபாய் பூலேவையும் கணினியில் வரைகிறார். கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அவற்றைப் பார்க்க முடிகிறது. ஓவியக் கூடத்தின் வாசற்படியை மிதிக்காமலே ஓவியம் மக்களிடம் போகிறது. நாலு வருசப் படிப்பு எதற்கு என்பதற்கு இது ஒரு பதில்.

சித்தாமூரில் என்ன வரையலாம்?

மேல்சித்தாமூர் என்றால் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இங்கேதான். மலைநாதர் கோயில் பாறையில் 9-ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. 'மராத்தியப் படைத்தளங்கள்' என்ற பெயரில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். இனிக் கேமராவோடு வருகிறவர்கள் பெருகுவார்கள். ராஜகிரியும் கல்யாண மகாலும் ஆயிரம் முறை படமாகும். அந்த மலைக்குக் கல் சுமந்த தோள் எந்தப் படத்திலும் இருக்காது. அந்தத் தோளைத் தெரிந்த வீட்டுப் பிள்ளை வரைந்தால்தான் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தலித் மாணவர் என்றால் துயரத்தை மட்டுமே வரைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மல்லாட்டை ஆயும் பெண்களின் சிரிப்பை வரையலாம். கூத்துக்கு வேடம் கட்டும் இரவை வரையலாம். நூறு ஆண்டு கழித்து நம் தெரு எப்படி இருக்கும் என்று கற்பனையாகவும் வரையலாம். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருடையது.

மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன் எம்.பழனிகுமார். கடனில் கேமரா வாங்கினார். அம்மாவின் உழைப்பையும், மலக்குழி மரணங்களில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்களையும் படமெடுத்தார். 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்கு வந்தது. பிறகு உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். 2023 டிசம்பரில் சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடந்த வடசென்னை பற்றிய கண்காட்சியில் 35 பேரின் படங்கள் இடம்பெற்றன. வடசென்னை இளைஞர்கள் தம் ஊரைத் தாமே எடுத்த படங்களும் அவற்றில் இருந்தன. கேமராவோ கணினியோ, வழி ஒன்றுதான்: தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது, படத்தில் வரும் மனிதரிடம் முதலில் அனுமதி கேட்பது.

ஒப்படைக்கும் முன்

மென்பொருள் வாங்கக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். கிரிட்டா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் ஆகிய நான்கும் இலவசம். 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்ட படம்தான்.

திரையில் பளிச்சென்று தெரியும் அம்பேத்கரின் நீலக் கோட்டு, அச்சில் மங்கலாகவோ ஊதா ஏறியோ வரலாம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு எந்திரம் நான்கு மையால் நிறம் காட்டுகிறது. திரையின் அடர்நீலம் முழுவதும் மைக்கு எட்டாது. அதனால் முழுப் படத்தையும் அச்சிடுமுன் உள்ளங்கை அளவு ஒரு சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள். நீலத்தைத் திருத்திவிட்டுப் பெரிய தாளுக்குப் போங்கள். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நம் தம்பிகளுக்கு இந்தச் சூட்சுமம் அத்துப்படி. பட்டம் வாங்காத டிஜிட்டல் ஓவியர்கள் அவர்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஏ3 தாளில் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், படம் 3508-க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும். சிறிதாக வரைந்துவிட்டுக் கடைசியில் இழுத்துப் பெரிதாக்கினால் கோடு சிதறும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அடுக்குகள் கலையாத மூலக் கோப்பை மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள். நோட்டில் கிறுக்கிய முதல் கோட்டையும் தேதி போட்டு வைத்திருங்கள். 'நீ வரைந்ததா, செயற்கை நுண்ணறிவு போட்டுக் கொடுத்ததா?' என்று இன்று எந்த மாணவரையும் கேட்கலாம். அதற்கு மூலக் கோப்பும் நோட்டும்தான் சாட்சி.

கருத்துக் குறிப்பை முதலில் தமிழில் எழுதுங்கள். எதை வரைந்தேன், ஏன் வரைந்தேன், ஏன் இந்த நிறம், ஏன் இந்தக் கோணம் என்று ஒரு பக்கம் போதும். கல்லூரி ஆங்கிலத்தில் கேட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். யோசனை தெளிவாக இருந்தால் உடைந்த ஆங்கிலத்திலும் அது நிற்கும்.

விமர்சனமும் வசையும்

படைப்பைப் பார்த்து ஒருவர் கருத்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. சமண முனிவர் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், சீவகன் வரைந்த குணமாலையின் ஓவியத்தைக் காந்தருவதத்தை பார்த்து ஊடல் கொள்கிறாள். வரைந்தவன் சொல்லாததையும் பார்க்கிறவர் கண்டுபிடிப்பார். தேர்வாளரும் அப்படியே. 'கை அளவு பிசகியிருக்கிறது', 'பின்னணி கூட்டமாக இருக்கிறது' என்றால் அது விமர்சனம். நன்றி சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள். 'இது ஓவியமா, பிரச்சாரமா?' என்று கேட்டால் பதறாதீர்கள். ராஜாவின் கோட்டையை வரைந்தால் கலை, கல் சுமந்தவரை வரைந்தால் பிரச்சாரமா என்று அமைதியாகத் திருப்பிக் கேளுங்கள். பிறகு பேச்சை உங்கள் கோட்டுக்கும் நிறத்துக்கும் கொண்டுவாருங்கள்.

'உங்க ஆளுங்களுக்கு இதுதான் வரும்' என்பது விமர்சனம் அல்ல. தேதி, நேரம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள் கல்லூரிகளில் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அவர் யார் என்பதைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு சொல்லுக்காகப் படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டியதில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஏப்ரல் 14-இல் பதாகைச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, கலை படிக்கும் நம் பிள்ளைகளின் படங்களை அச்செடுத்து, தெருவில் கயிறு கட்டி மாட்டுங்கள். வரைந்த பிள்ளை பக்கத்தில் நின்று விளக்கட்டும். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அக்கா கேள்வி கேட்கட்டும், பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கட்டும். அவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் தேர்வாளர் மேசை முன்னால் நாக்கு ஒட்டாது.