கட்டிக்குள் ஒளிந்த கள்ளன்

உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் ஆளுக்கொரு குல்லா அணிந்திருக்கின்றன, தெரியுமா? அட்ரினல் சுரப்பி என்று பெயர். எடை சுமார் 5 கிராம்தான். ஆனால் பயத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்கிறதே, அது இந்தக் குல்லாவின் கைங்கரியம்!

சிலருக்கு இந்தச் சுரப்பியில் நீர்க்கட்டி உண்டாகும். பெரும்பாலும் உபத்திரவம் இராது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கான் எடுக்கும்போது அகப்படும். பெரிதாக வளர்ந்திருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள்.

"வெறும் கட்டிதானே, வீசி எறியலாமே!" என்பீர்கள். கூடாது! சில கட்டிகளுக்குள் ரத்தம் கசிந்து உறைந்து, ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் படிந்திருக்கும். மிக மிக அபூர்வமாக, அதில் லிம்ஃபோமா என்ற புற்றுநோயின் அணுக்கள் சிறு கும்பலாக ஒளிந்திருக்கும். அவற்றினுள்ளே, 1964-ல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்ற மூவர் கண்டறிந்த வைரஸ் குடியிருக்கும். மைக்ராஸ்கோப்பில்தான் இதெல்லாம் தெரியும்.

பெயரைக் கேட்டுக் கலங்காதீர்கள். தோற்றத்தில்தான் இது போக்கிரி. கட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தால், அதை முழுதாக எடுத்துவிடுவதே பெரும்பாலும் போதும். 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியல் இதைத் தனி நோயாகவே பிரித்துவிட்டது. சுரப்பியையே பற்றிக்கொண்டு வளரும் லிம்ஃபோமா வேறு; அது பொல்லாதது, கடுமையான மருந்துகள் வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பரிசோதனை அவசியம்.

ஆகவே, வீட்டில் யாருக்கு எந்தக் கட்டியை எடுத்தாலும், "பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்!