கதவுக்கு வெளியே நின்றவர்

‘நான்’ என்று தொடங்கும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த பொய்யர் ஸ்டீவன்ஸ். கசுவோ இஷிகுரோவின் ‘த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ (1989) நாவலில், இங்கிலாந்து மாளிகை ஒன்றின் பட்லர். 1956 கோடையில், முன்பு உடன் வேலை பார்த்த மிஸ் கென்டனைப் பார்க்கக் காரில் கிளம்புகிறார். வழிநெடுக நினைவுகள்.

அதில் ஒன்று: மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறார், உள்ளே கென்டன் அழுகிறாரோ என்று தோன்றுகிறது. அத்தை இறந்த செய்தி வந்த நாள் என்று முதலில் சொல்கிறார். பல பக்கங்கள் தள்ளி, இல்லையில்லை, அது வேறொரு இரவு என்கிறார். இன்னொருவரை மணக்கச் சம்மதித்துவிட்டதாகக் கென்டன் சொன்ன இரவு! நாள் மாறியதும் அழுகையின் காரணமும் மாறிவிடுகிறது. அந்தக் காரணம் தான்தான் என்று மட்டும் மனிதர் வாய் திறக்கமாட்டார்.

தந்தை இறக்கும் இரவிலும் இதே கதைதான். விருந்தினருக்கு மது ஊற்றிக்கொண்டிருக்கிறார். அழுததாக ஒரு வரி கிடையாது. என்னப்பா, அழுகிறாயா என்ற தொனியில் எஜமானர் கேட்கும்போதுதான் நமக்கே தெரிகிறது. வேலைக் களைப்பு என்று சமாளிக்கிறார். படர்க்கையில் எழுதியிருந்தால், கண் கலங்கினார் என்று ஆசிரியரே போட்டு உடைத்திருப்பார்.