மடிக்கணினிக்கு எத்தனை பூட்டு?

டெல்லியில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி தூங்கி எழுகிறோம். பெட்டியைச் சங்கிலி போட்டு பெர்த்தோடு பூட்டுகிறோம். மடிக்கணினிப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறோம். கருவி போனால் நஷ்டம் நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய். ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது? ஆதார், பான் கார்டு நகல், ஊர் வீட்டின் பத்திரம், வருமான வரிக் கணக்கு, பெண்ணுக்கு வரன் பார்க்க வந்த ஜாதகங்கள். "அதான் பாஸ்வேர்டு போட்டிருக்கேனே!" என்பீர்கள். (கடவுச்சொல் என்று மலரில் எழுதினாலும் வீட்டில் பாஸ்வேர்டு என்றுதானே சொல்கிறோம். இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.)

அந்தப் பாஸ்வேர்டு எதைக் காக்கிறது? விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல், விண்டோஸ் ஓடும்போது மட்டும்தான் காவல். பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் செருகினால், சாதாரணமாகச் சேமித்த கோப்புகள் அத்தனையும் திறந்துகொள்ளும். அந்த உறை டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு எங்கே கேட்டாலும் கிடைக்கும். 2006 மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு மடிக்கணினியும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் களவு போயின. 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரம் அப்படியே திறந்த நிலையில் இருந்தது. அடுத்த மாதம் கருவிகள் திரும்பக் கிடைத்தன. அதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இரண்டாவது பூட்டு பயாஸில் இருக்கிறது. கணினியை ஆன் செய்த உடனே டெல்லில் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 என்று தட்டினால் அந்தத் திரை வரும். அங்கே வைக்கும் துவக்கக் கடவுச்சொல்லை, விண்டோஸ் எழுவதற்கு முன்பே கேட்கும். சூப்பர்வைசர் கடவுச்சொல் என்று இன்னொன்று உண்டு. அது பயாஸ் அமைப்புகளை யாரும் மாற்றாமல் காக்க. யூ.எஸ்.பி.யிலிருந்து துவங்குவதைத் தடுத்துவிட்டு இதைப் போடுவது நல்லது. பழைய மேசைக் கணினியில் பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இந்தக் கடவுச்சொல் அழிந்துபோகும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் அப்படி நடக்காது. திங்க்பேடில் சூப்பர்வைசர் கடவுச்சொல்லை மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று கம்பெனி கையேடே சொல்கிறது. இத்தனை கண்டிப்பும் இயந்திரத்துக்குத்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கு இது தடையே இல்லை.

அவனைத் தடுக்க வந்தது மூன்றாவது, ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு. இது டிஸ்க்கின் சொந்தச் சுற்றுக்குள்ளேயே குடியிருக்கிறது. வேறு கணினியில் மாட்டினாலும் வாய் திறக்காது. ஐந்து தடவை தப்பாக அடித்தால், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்வரை ஆறாவதைக் காதிலேயே வாங்காது. இதில் யூசர், மாஸ்டர் என்று இரண்டு கடவுச்சொல். 'ஹை' நிலையில் மாஸ்டரைக் கொண்டு திறக்கலாம். 'மேக்ஸிமம்' நிலையில் மாஸ்டரால் டிஸ்க்கை முழுக்க அழிக்க மட்டுமே முடியும். அதாவது யூசர் கடவுச்சொல் மறந்தால், குழந்தையின் காதுகுத்துப் போட்டோவெல்லாம் போச்சு! எல்லா மடிக்கணினியிலும் இந்த வசதி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் பழைய டிஸ்க்குகளில் உள்ளிருக்கும் தகவல் தகவலாகவேதான் கிடக்கிறது. வாசலில் காவலாளி மட்டும் நிற்கிறார். தகவல் மீட்புக் கூடங்களுக்கு அவரைத் தாண்டும் வழி தெரியும். தானே மறைக்குறியாக்கம் செய்துகொள்ளும் எஸ்.எஸ்.டி.க்களை நம்பலாமா என்றால், 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், க்ரூஷியல் மாடல்கள் சிலவற்றில் கடவுச்சொல் இல்லாமலே தகவலை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்டும் டிஸ்க்கின் சொந்த மறைக்குறியாக்கத்தைச் சார்ந்திராமல், புதிதாக மறைக்குறியாக்கும் டிஸ்க்குகளில் பிட்லாக்கரே அந்த வேலையைச் செய்யும்படி மாற்றியது.

சரி, அப்போ என்னதான் பண்றது? என்னைக் கேட்டால், குடும்பத்துக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு வேண்டாம். விண்டோஸ் புரொபஷனலில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் டிவைஸ் என்க்ரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட்: இவை தகவலையே எழுத்து மாற்றிப் புரியாததாக்கி வைக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றினாலும் கிடைப்பது குப்பைதான். 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து, பெரும்பாலான புதுக் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். தானாக ஆன் ஆனது பலருக்குத் தெரிவதே இல்லை. பயாஸை அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ ஒருநாள் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கணக்கோ அப்பா பேரில். அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இன்ஷூரன்ஸ் காகிதம் தேடும் பிள்ளை என்ன செய்யும்? சாவி இல்லாவிட்டால் ரிப்பேர் கடைக்காரர் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்டே திறந்து தர முடியாது.

ஆகவே இன்றைக்கே அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, எந்தக் கணினிக்கு என்றும் குறித்து, எல்.ஐ.சி. பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடம் இடத்தைச் சொல்லுங்கள். முக்கியக் கோப்புகளுக்குத் தனி டிஸ்க்கில் நகலும் இருக்கட்டும். தாளை மடிக்கணினிப் பையிலேயே செருக வேண்டாம். ரயிலேறும்போது மூடியைச் சாத்தினால் மட்டும் போதாது, முழுக்க ஷட் டவுன் செய்யுங்கள். தூங்கும் கணினியின் நினைவகத்தில் மறைக்குறிச் சாவி விழித்துக்கொண்டுதான் இருக்கும்.