விலாசம் இல்லையா? பள்ளியில் இடம் உண்டு!

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், சத்திரம் பேருந்து நிலையம், திருச்சி ஜங்ஷன்... அவசரமாகக் கடந்துபோகும் நமக்கு இவை வெறும் இடங்கள். போக வீடில்லாத குடும்பங்களுக்கு ராத்திரி தலைசாய்க்கும் இடமும் இதுபோன்றவைதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு யாரையெல்லாம் 'வீடற்றவர்' என்கிறது தெரியுமா? சாலையோரம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலைய நடைமேடை, கோயில் மண்டபம் ஆகியவற்றில் தங்குபவர்களை. 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க இப்படி இருந்தவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர்.

இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனால் முதலில் வரும் கேள்வி, "ஆதார் இருக்கா? பிறப்புச் சான்றிதழ் எங்கே?" என்பதுதான். பல அம்மாக்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். ஆனால், திரும்ப வேண்டியதே இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

* வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. அங்கன்வாடிப் பதிவேடு போதும். அதுவும் இல்லையென்றால், பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழியை மத்திய அரசின் விதிகள் ஏற்கின்றன.
* ஆதார் இல்லாததைக் காட்டி அனுமதி மறுக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் இதைத் தெளிவாக்கிவிட்டது.
* டி.சி. வரத் தாமதமானாலும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
* ஜூன் மாதம் தாண்டிவிட்டதா? பரவாயில்லை. நடுவில் வந்தாலும் இடம் உண்டு.
* பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

திருவிழாவுக்குத் திருவிழா, ஊருக்கு ஊர் நகரும் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி மூன்றும்தான் உயிர்.

வயிறும் முக்கியம்

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது, இதே திருச்சி அருகே உள்ள பாப்பாக்குறிச்சியில்தான். இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கிடைக்கிறது. பாடநூல், சீருடை, அரசுப் பேருந்துப் பயணம் எல்லாம் இலவசம். அடுப்பு மூட்ட இடமில்லாத குடும்பத்தில், ஒரு பிள்ளை பள்ளிக்குப் போனால் அதற்கு இரண்டு வேளைச் சாப்பாடு உறுதி. பெற்றோரிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

"பிள்ளையைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?"

பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத பயம் இது. அதிகாரி யாராவது வந்தால் இடத்தையே காலி செய்துவிட்டுப் போவதற்கும் இதுதான் காரணம். 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. குடும்பத்தோடு இருந்தபடியே படிக்க வைப்பதுதான் முதல் வழி. தனியாகத் திரியும் குழந்தை என்றால், குழந்தைகள் நலக் குழு முன் 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தி, பாதுகாப்பான இடம் தர வேண்டும்.

அமெரிக்காவில் 1987-ல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, வீடற்ற மாணவர்களைக் கவனிக்கவே ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பேப்பர் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்கை. நம் சட்டத்திலும் உரிமைக்குக் குறைவில்லை. ஆனால், கையைப் பிடித்து வகுப்பறை வரை கூட்டிப் போகும் அந்த ஒரு ஆள்தான் பல நேரம் இல்லை. அந்த ஆளாக நாமே இருக்கலாமே!

நீங்கள் என்ன செய்யலாம்?

பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை கையேந்தினால், "எந்த ஸ்கூல்ல படிக்கிற?" என்று கேளுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். சேர்க்கை பற்றிய சந்தேகத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைக்கலாம். குழந்தை தனியாகவோ ஆபத்திலோ இருந்தால் 1098. 24 மணி நேரமும் இலவசம். பள்ளி மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று... அந்தப் பிள்ளையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் மட்டும் வைக்காதீர்கள். நாளைக்கு அதே பிள்ளை, உங்கள் வீட்டுப் பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டியது!