கீழைக்கடலா, மேலைக்கடலா? மலைநாட்டார் கடற்பயணம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஈழத்திருநாடு நாற்புறமும் கடலாற் சூழப்பெற்றது. நுவரெலியாவிலிருந்து நேர்கோடு இழுத்து அளப்போமாயின் மேற்கிலோ, தெற்கிலோ, கிழக்கிலோ நூறு கிலோமீற்றர் அளவிற் கடல் வந்துவிடும். ஆயினும், தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளரும் பிள்ளைகளுட் பலர் கடலைப் பூமிசாத்திர நூலிலுள்ள படத்தளவிலேயே அறிவர். பத்தாம் வகுப்புவரை படித்து, வற்றுப்பெருக்கின் காரணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவன், அலை கரையில் மோதும் ஓசையை ஒருநாளும் கேட்டிராமல் இருத்தல் கூடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் விரும்புகின்றனர். எக்கடலுக்குச் செல்வது, எம்மாதத்திற் செல்வது, எவ்வளவு செலவாகும் என்னும் வினாக்கள் எழும்போது விருப்பம் பெரும்பாலும் ஒத்திப்போடப்படுகின்றது. மலைநாட்டுப் பாடசாலைகளிற் பணியாற்றும் நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கு உதவுமென்று கருதி, மேற்கே நீர்கொழும்பையும் கிழக்கே திருகோணமலையையும் எடுத்து ஈண்டு ஒப்பிடுவாம்.

இவ்விரண்டையும் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. ஹட்டன் பகுதி இரு பேராறுகளின் நீர்பிரி மேட்டில் அமைந்தது. நோர்வூட், மஸ்கெலியா மலைகளில் விழும் மழை கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகியவற்றின் வழியே களனி கங்கையாகி, கொழும்புக்கு வடக்கே முகத்துவாரத்திற் கடலை அடைகின்றது. மேட்டின் மறுபக்கத்தே கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகளில் விழும் மழையோ கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, மகாவலி கங்கையாய் நாட்டின் நடுவே நெடுந்தூரம் சுற்றி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. களனியின் நீளம் ஏறக்குறைய 145 கிலோமீற்றர்; மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். மேலைக்கடல் அணித்து, கீழைக்கடல் சேய்த்து என்னும் உண்மையை ஆறுகளே அளந்து வைத்திருக்கின்றன. நம் பயணச்செலவும் ஏறக்குறைய அவ்வழியே செல்லுதல் காண்போம்.

முதலிற் காலநிலையை ஆராய்வாம். செலவைவிட அதுவே முக்கியமானது. நம் நாட்டுக்கு மழை தரும் பருவக்காற்றுக்கள் இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும். இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் காற்று நிலையாக ஒரு திசையில் நில்லாது. பிற்பகலில் இடியும் மழையும் உண்டாகும். தென்மேல் காற்று கடலிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலைகளில் ஏறும்போது குளிர்ந்து மழையாகின்றது. கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் அம்மழையை முதலில் ஏற்பவை. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். இங்ஙனம் ஈரத்தை மேற்குச் சரிவிலே கொட்டிவிட்ட காற்று மலைமுகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வேறொரு காற்றாகிவிடுகின்றது. ஈரக்காற்று ஆயிரம் மீற்றர் ஏறும்போது ஐந்தாறு பாகை குளிரும். உலர்ந்த காற்று அதே ஆயிரம் மீற்றர் இறங்கும்போது பத்துப் பாகை வெப்பமேறும். ஆகவே புறப்பட்ட வெப்பத்தினும் கூடிய வெப்பத்தோடு அது கீழ்நாட்டை அடைகின்றது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் காற்று என்று வழங்குவது இதனையே. ஊவாத் தேயிலைக்கு யூலை, ஓகஸ்டு மாதங்களில் உண்டாகும் தனி மணத்துக்கும் இவ்வுலர் காற்றே காரணம். டிம்புளை, நுவரெலியாத் தேயிலைக்கு அத்தகைய சிறப்பு சனவரி முதல் மார்ச்சு வரை, காற்று எதிர்த்திசையில் வீசும்போது வாய்க்கின்றது. தேயிலையின் மணம் எக்கடற்கரை அப்போது உலர்ந்திருக்கின்றது என்பதற்கு ஓர் அடையாளமாகும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வோர்க்கு வேறு பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

இதனால் விளைவது யாது? ஹட்டனில் ஓகஸ்டு மாதம் மழையும் மூடுபனியும் குளிருமாய் வாட்டும்போது திருகோணமலையில் வானம் வெளித்திருக்கும். நிலாவெளிக் கடல் குளம்போற் கிடக்கும். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்ரோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களிற் பெய்துவிடுகின்றது. எஞ்சிய காலம் பெரும்பாலும் வறட்சியே. நீர்கொழும்பின் நிலை வேறு. அங்கு மே மாதத்தில் ஒரு மழைமுடி, ஒக்ரோபரில் மற்றொரு மழைமுடி. ஓகஸ்டில் அங்கு மழை அவ்வளவு மிகையன்று. இதனைக் கண்டு ஏமாந்து ஓகஸ்டு விடுமுறையிற் பிள்ளைகளை நீர்கொழும்புக்குக் கொண்டுசெல்வோர் உளர். வானம் தெளிந்திருந்தாலும் அப்போது மேலைக்கடல் கொந்தளிக்கும். தென்மேல் காற்றின் அலை நேரே கரையில் அறையும். கரையோரத்தில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டாகும். மழைமானியைப் பார்த்துக் கடலை மதிப்பிடுதல் தவறு.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டான செய்தியன்று. அவர்களுட் பெரும்பாலோர் நீந்த அறியார். ஓடைநீரில் முழங்கால் அளவு நின்று பழகியவர்கள், அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் பறித்துக்கொண்டு செல்லும் என்பதை அறியமாட்டார்கள். சுற்றுலாவுக்குச் சென்ற மாணவர் கடலிற் பறிகொடுக்கப்பட்ட செய்திகளை நாம் பத்திரிகைகளிற் பலமுறை வாசித்திருக்கின்றோம். ஆகவே, செலவு எங்கே குறைவு என்று கேட்குமுன் கடல் எங்கே அமைதியாயிருக்கின்றது என்று கேட்டல் வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வினாவுக்கு நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கண்டுவிட்டனர். தென்மேல் பருவக்காற்று எழுந்து மேலைக்கடல் தொழிலுக்கு ஒவ்வாததானவுடன், அவர்களுட் பலர் வலையும் வள்ளமும் கொண்டு கீழைக்கரைக்குச் சென்று, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்வர். காற்று மாறியதும் திரும்புவர். இவ்விடப்பெயர்ச்சி காரணமாகக் கரையோர மக்களுக்கிடையே பிணக்குகள் எழுந்ததும் உண்டு. அது வேறு கதை.

இனி வெப்பநிலை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 செல்சியஸ் பாகை. இரு கரைகளிலும் சராசரி 27, 28 பாகை. ஒரே பகலிற் பன்னிரண்டு பாகை வேறுபாட்டை உடல் தாங்கவேண்டும். திருகோணமலையில் மே முதல் ஓகஸ்டு வரை நண்பகல் வெப்பம் 34, 35 பாகை வரை ஏறும். நீர்கொழும்பில் அவ்வளவு ஏறாது. ஆனால் ஈரப்பதன் மிகுதியால் இரவிற் புழுக்கம் வருத்தும். குளிர்நாட்டுப் பிள்ளைகள் தாகத்தை உணர்ந்து நீர் கேட்கப் பழகாதவர்கள். திருகோணமலையில் காலை பத்து மணிக்குப் பின்னும் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னும் அவர்களை மணலில் விடாதிருத்தல் நன்று. அந்நேரத்தைக் கோணேசர் ஆலயத்துக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஒதுக்கலாம். ஏழு கிணறுகளிலும் நீர் ஏழு வெவ்வேறு சூட்டில் இருப்பதைப் பிள்ளைகள் கடலைக் காட்டிலும் வியந்து பார்ப்பர்.

செலவுக்கு வருவோம். ரூபாய்க் கணக்கை அச்சிட்டுக் காட்ட நான் விரும்பவில்லை. 2022 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 20 ரூபாவுக்கு உட்பட்டிருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் அதே ஆண்டு யூலையில் 40 ரூபாவாகிப் பின்னர் படிப்படியாய்க் குறைந்தது. ஆறு மாதத்தில் இரட்டிக்கும் தொகையை நம்பிக் கட்டுரை எழுதுதல் ஆகாது. தூரமும், வண்டி மாறும் தொகையும், தங்கும் இரவுகளும், இழக்கும் வேலைநாட்களும் மாறாதவை. அவற்றைக் கொண்டே கணக்கிடுவோம்.

ஹட்டனிலிருந்து கோட்டைக்குப் புகையிரதப் பாதை 173 கிலோமீற்றர். நீர்கொழும்புக்குச் செல்பவர் கோட்டைவரை போகவேண்டியதில்லை. றாகமையில் நிற்கும் வண்டியானால் அங்கே இறங்கிப் புத்தளப் பாதை வண்டியில் ஏறலாம். மொத்தம் ஏறக்குறைய 185 கிலோமீற்றர், ஒரே மாற்றம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் பஸ் கட்டணத்தினும் மலிவு. திருகோணமலைக்குப் புகையிரதத்திற் செல்வதாயின் பொல்காவலைவரை இறங்கி, வடக்குப் பாதையில் மாகோ சென்று, அங்கிருந்து மட்டக்களப்புப் பாதையிற் கல்ஓயாச் சந்தி வழியாகச் செல்லவேண்டும்; ஏறக்குறைய 325 கிலோமீற்றர். வண்டிகள் ஒன்றுக்கொன்று நேரம் பொருந்துவதும் அரிது. ஆகவே பெரும்பாலோர் பஸ்வண்டியிற் கண்டி சென்று, அங்கிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியே திருகோணமலை செல்வர். இது ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஒன்பது மணி நேரம் எடுக்கும். தூரத்தால் ஒன்றரை மடங்குக்குக் கிட்ட. பஸ் கட்டணமாதலால் செலவால் அதனினும் கூடும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வாச் சூறாவளி மலைநாட்டுப் புகையிரதப் பாதையையும் வீதிகளையும் கடுமையாகச் சேதப்படுத்தியதை யாவரும் அறிவர். எந்த வழியாயினும் புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். கீழைக்கரையைத் தாக்கும் புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசெம்பர் மாதங்களிலேயே வருகின்றன; 1964 டிசெம்பரிலும், 1978 நவம்பரிலும் வந்தவை இன்றும் பேசப்படுபவை. டிசெம்பர் விடுமுறையில் திருகோணமலைக்குச் செல்லலாகாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமோ?

தோட்டக் குடும்பத்தின் செலவிற் பெரும்பகுதி கட்டணமன்று, இழக்கும் பேர். வேலைக்குச் சென்ற நாளைப் பேர் என்றும், பாதிநாளை அரைப்பேர் என்றும் தோட்டத்தில் வழங்குவது யாவரும் அறிந்ததே. நீர்கொழும்புப் பயணத்தைச் சனி காலை தொடங்கி ஞாயிறு இரவு முடிக்கலாம்; கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்பவராயின் இழப்பு இரண்டு பேர். திருகோணமலைக்குப் போகவும் வரவும் இரண்டு நாள், கடலுக்கு ஒரு நாள். ஞாயிற்றைக் கழித்தால் இழப்பு நான்கு பேர். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் விதிக்கப்பட்டது. பின்னைய கணக்கின்படி ஒன்றுக்கு 2,700 ரூபா, மற்றொன்றுக்கு 5,400 ரூபா, வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே செலவாகிவிடுகின்றது. பூரணைத் தினத்தை ஞாயிற்றோடு சேர்த்து அமைத்துக்கொண்டால் இதிற் பாதியை மீட்கலாம். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வறட்சியால் மேற்குச் சரிவுத் தோட்டங்களிற் கொழுந்து குறையும். லீவு பெறுவதும் எளிது. கொழுந்து பெருகும் ஏப்பிரல், மே மாதங்களில் லீவு கேட்டால் துரையின் முகம் மாறும்.

தங்குமிடத்தில் ஒரு முரண்பாடு உண்டு. கடல் நன்றாயிருக்கும் மாதத்திலேதான் விடுதிக் கூலி ஏறும். நீர்கொழும்பு விமான நிலையத்துக்கு அணித்தாதலால் டிசெம்பர் முதல் மார்ச்சு வரை வெளிநாட்டார் வந்து நிறைவர். நிலாவெளியில் மே முதல் செப்டெம்பர் வரை அதே நிலை. மலிந்த மாதத்திற் செல்வோம் என்று கருதுவோர், குளிக்கவியலாத கடலைப் பார்த்துத் திரும்பவே பணம் கொடுக்கின்றனர். பாடசாலைக் குழுக்கள் அவ்வூர்ப் பாடசாலை அதிபருக்கு முன்னரே எழுதி வகுப்பறைகளிற் தங்க அனுமதி பெறுதல் சாலச் சிறந்தது. பஸ்வண்டியை வாடகைக்கு அமர்த்துவதாயின் ஆசனம் ஒன்றும் வெறுமையாய் இராதபடி பார்த்தல் வேண்டும். ஐம்பது பிள்ளைகள் பகிரும் வாடகையை முப்பது பேர் பகிர்ந்தால், தலைக்கு வரும் தொகை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். அத்தொகையைக் கேட்டவுடன் பின்வாங்குவது மிக வறிய வீட்டுப் பிள்ளையே.

எனவே, டிசெம்பர் விடுமுறைக்கும் தைப்பொங்கலை அடுத்த நாட்களுக்கும் நீர்கொழும்பு ஏற்றது. செலவும் அதுவே குறைவு. ஓகஸ்டு விடுமுறையில், செலவு இரட்டித்தாலும் திருகோணமலையே தகும். அம்மாதத்தில் முன்னேசுவரத் திருவிழாவுக்காகச் சிலாபம் செல்லும் குடும்பங்கள் வழியில் நீர்கொழும்பிற் கடலைக் காட்டுதல் இயல்பு. கரையில் நின்று பார்த்தால் போதும், இறங்கவேண்டா. ஏப்பிரலில் இரு கடலும் பெரும்பாலும் அமைதியானவையே. ஆனால் புத்தாண்டுக்கு ஊர் செல்வோரும், வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நுவரெலியாவுக்கு ஏறுவோரும் வண்டிகளை நிறைத்துவிடுவர். சிறுபிள்ளைகளோடு நின்றுகொண்டே பயணஞ் செய்ய நேரும். முன்பதிவு செய்ய இயலாதோர் அம்மாதத்தைத் தவிர்க்கலாம்.

திருகோணமலைக்குச் செல்லும் ஆசிரியர்கள் ஒரு நாள் கூடுதலாகக் கிடைப்பின் பிள்ளைகளை மூதூர்ப் பக்கம் அழைத்துச் சென்று, கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலோடு கலக்குமிடத்தைக் காட்டுதல் வேண்டும். தலவாக்கலைப் பிள்ளை தன் லயத்துக்குக் கீழே ஓடும் ஓயாவின் முடிவிடத்தை அங்கே காண்பான்.